நம்பர் சொல்லுங்க சார்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடிதத்தின் சாரம் இது:

“வருகிற தையில் மகளுக்குக் கல்யாணம். போன வாரம் குடும்பத்தோடு போய்ப் பட்டு எடுத்தோம். பில் போடும்போது நம்பர் கேட்டார்கள், சொன்னேன். மற்றபடி போனை நான் தொடவே இல்லை. அன்று ராத்திரி பேஸ்புக்கைத் திறந்தால் அதே கடையின் விளம்பரம். மறுநாள் மண்டபம், கேட்டரிங், நகைக்கடன் என்று வரிசையாக வருகிறது. ‘போன் ஒட்டுக் கேட்குது மாமா, வாட்ஸாப்பை எடுத்துட்டு நம்ம ஊர் அரட்டை செயலிக்கு வாங்க’ என்கிறார் என் மைத்துனர். மகள் சிக்னல் செயலிதான் நல்லது என்கிறாள். ‘நம்மகிட்ட மறைக்க என்னப்பா இருக்கு, விடுங்க’ என்பது மகனின் கட்சி. குடும்பக் குழுவில் ஒரு வாரமாக இதே சண்டை. போன் நிஜமாகவே கேட்கிறதா? நான் எதற்கு மாறட்டும்?”

அன்புள்ள ஐயா,

முதலில் கல்யாணத்துக்கு வாழ்த்துகள்.

தகவல் பாதுகாப்பு வேலையில் இருப்பதால் இந்த மைக் கேள்வியை எங்கே போனாலும் கேட்கிறார்கள். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு. ‘பில் போடும்போது நம்பர் கேட்டார்கள், சொன்னேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். உங்கள் மைத்துனர் காத்திருப்பார் என்பதால் மைக்கை முதலில் முடித்துவிடுவோம்.

இருபத்து நான்கு மணி நேரமும் பேச்சைப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தால் பேட்டரியும் டேட்டாவும் காட்டிக்கொடுத்துவிடும். ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 17,260 ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டது. எந்தச் செயலியும் ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பியதாக அவர்கள் காணவில்லை. ஆனால் தேடாத ஒன்று கிடைத்தது: சில செயலிகள் பயனரின் திரையைப் படம்பிடித்து மூன்றாம் நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

அதற்காக மைக் விஷயத்தில் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. கூப்பிடாமலே ஆப்பிள் போனின் குரல் உதவியாளரான ‘சிரி’ விழித்துக்கொண்டு தனிப்பட்ட பேச்சுகளைப் பதிவு செய்தது என்ற வழக்கைத் தீர்க்க 2025 ஜனவரியில் ஆப்பிள் 9.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, தப்பை மட்டும் ஒப்புக்கொள்ளாமல். காக்ஸ் மீடியா குரூப் என்ற அமெரிக்க நிறுவனம், போன்கள் வழியாகப் பேச்சைக் கேட்டு விளம்பரம் காட்ட முடியும் என்று தன் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகவே விற்றுக்கொண்டிருந்தது. அது வெளியே வந்ததும் கூகுள் அவர்களைத் தன் கூட்டாளிப் பட்டியலிலிருந்து நீக்கியது. விளம்பர விற்பனையாளர் வாய்ச்சவடாலை எவ்வளவு நம்புவது என்பது வேறு கதை. சந்தேகம் தீரவில்லையா? ஆண்ட்ராய்டு 12இலிருந்து ஒரு வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போனால், கடந்த ஒரு நாளில் எந்தச் செயலி எத்தனை மணிக்கு மைக்கைத் தொட்டது என்று வரிசையாகக் காட்டும். மைத்துனரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். டார்ச் செயலிக்கோ காலண்டருக்கோ மைக் அனுமதி இருந்தால் பிடுங்கிவிடுங்கள். அத்தோடு மைக் கதை முடிந்தது.

சரி, கடைக்கு வருவோம்.

அந்த விளம்பரம் அடுத்த தடவை வரும்போது எரிச்சலோடு தள்ளிவிடாமல் அதன் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். ‘இந்த விளம்பரத்தை நான் ஏன் பார்க்கிறேன்’ என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் சில காரணங்கள் வரும். வயது, ஊர் என்பவை சாதாரணம். அங்கே ‘உங்களை அடைய விளம்பரதாரர் ஒரு பட்டியலைப் பயன்படுத்தியிருக்கிறார்’ என்ற பொருளில் ஒரு வரி வந்தால் மேற்கொண்டு துப்பறிய வேண்டியதில்லை. பட்டியல் என்றால் வாடிக்கையாளர் எண்களின் பட்டியல். பில் கவுன்டரில் இருந்தவர் தட்டச்சு செய்த அதே பத்து இலக்கம்.

நடப்பது இப்படி. கடையின் பில்லிங் மென்பொருளில் உங்கள் எண், வாங்கிய தொகை, என்ன ரகம் என்பதெல்லாம் சேருகின்றன. கடைக்கு விளம்பரம் பார்க்கும் ஏஜென்சி அந்த எண்களை எக்செல் கோப்பாக வாங்கிப் பேஸ்புக்கில் ஏற்றுகிறது. ‘கஸ்டம் ஆடியன்ஸ்’ என்று அதற்குப் பெயர், 2012இலிருந்தே இருக்கிற சேவை. பேஸ்புக் அந்த எண்களைத் தன்னிடம் உள்ள கணக்குகளோடு பொருத்திப் பார்த்து, ‘ஆள் கிடைத்துவிட்டார்’ என்று விளம்பரத்தைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைக்கிறது. இதையெல்லாம் கணினியே கோத்துச் செய்துவிடும்படி அமைத்திருந்தால், காலையில் வாங்கிய பட்டுக்கு ராத்திரி விளம்பரம் வருவதில் அதிசயமே இல்லை.

இதைக் கேட்டால் நிறுவனங்கள் ஒரு சமாதானம் சொல்லும்: எண்ணை நாங்கள் அப்படியே எடுப்பதில்லை, ‘ஹாஷ்’ செய்து, அதாவது புரியாத எழுத்துக் கோவையாக மாற்றித்தான் எடுக்கிறோம் என்று. எனக்கு இந்தச் சமாதானத்தில் மரியாதை கிடையாது. ஒரே எண்ணை யார் மாற்றினாலும் ஒரே கோவைதான் வரும்; வந்தால்தானே பொருத்தவே முடியும். தவிர, நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9இல்தான் தொடங்குகின்றன. மொத்தமே 400 கோடி சாத்தியங்கள். வீட்டில் இருக்கும் சாதாரணக் கணினியே சில மணி நேரத்தில் அத்தனைக்கும் கோவை போட்டு ஒப்பிட்டுவிடும். ஹாஷ் செய்தால் தகவல் அநாமதேயமாகிவிடாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையமே 2024இல் எழுதி வைத்தது.

மண்டபமும் கேட்டரிங்கும் எப்படி வந்தன? கடை விளம்பரத்தில் உங்கள் விரல் இரண்டு நொடி நின்றிருந்தாலே பேஸ்புக்குக்கு அது ஒரு தகவல். அதே வைஃபையில் உங்கள் மனைவியோ மகளோ மண்டபம் தேடியிருப்பார்கள். கல்யாண வீட்டில் யாராவது தேடாமல் இருப்பார்களா? வரன் பார்த்த இணையதளத்தில் மகள் பெயரில் பதிவு செய்தபோது யாருடைய எண்ணைக் கொடுத்தீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். நம் வழக்கப்படி அப்பா எண்தான் கொடுப்போம்.

ஆகவே இந்தச் சண்டையில் என் கட்சி இது: எந்தச் செயலியில் பேசுகிறோம் என்பதற்குப் போகும் கவனத்தில் பாதியாவது எந்த எண்ணை எங்கே கொடுக்கிறோம் என்பதற்குப் போக வேண்டும். ஆதார், வங்கி, கேஸ் சிலிண்டர், மருத்துவமனை, பட்டுக்கடை, பேஸ்புக் எல்லாவற்றிலும் ஒரே எண். தனித்தனியே கிடக்கும் துண்டுகளைச் சேர்த்து ‘இவர்தான் அவர்’ என்று சொல்ல அந்த எண் ஒன்று போதும். போனை மாற்றினாலும் எண்ணை மாற்றுவதில்லை.

நிறுவனங்களுக்கும் இது நன்றாகத் தெரியும். கணக்கைப் பாதுகாக்க எண் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவிட்டு அதையே விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக 2022 மே மாதம் ட்விட்டர் 15 கோடி டாலர் அபராதம் கட்டியது. 14 கோடிப் பேருக்கு மேல் அப்படித் தங்கள் எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுத்திருந்தார்கள். பேஸ்புக்கும் அதே வேலையைச் செய்தது. 2019இல் அதற்கு விதிக்கப்பட்ட 500 கோடி டாலர் அபராதத்தோடு வந்த உத்தரவில், பாதுகாப்புக்கென வாங்கிய எண்ணை விளம்பரத்துக்குத் தொடாதே என்று தனியாகவே எழுத வேண்டியிருந்தது. ‘உங்கள் பாதுகாப்புக்காக’ என்று ஒரு பெட்டி எண் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். (அதற்காக இரட்டைச் சரிபார்ப்பை வேண்டாம் என்று விடாதீர்கள். எண் இல்லாமல் செயலி வழியாகச் செய்யும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.)

அடுத்த கதை இன்னும் மோசம். உங்கள் தொடர்புப் பட்டியலை ஏற்றினால் நண்பர்களைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று பேஸ்புக் ஒரு வசதி வைத்திருந்தது. யாரோ சிலர் கற்பனை எண்களை மூட்டை மூட்டையாக அதில் கொட்டி, எந்த எண் யாருடையது என்று கறந்துவிட்டார்கள். 2021 ஏப்ரலில் 53.3 கோடிப் பேரின் விவரங்கள் இலவசமாகவே இணையத்தில் கிடந்தன. அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 26.5 கோடி யூரோ அபராதம் போட்டது. பாடம் படித்தார்களா என்றால், 2025இல் வியன்னா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதே பாணியில் வாட்ஸாப்பிடம் எண் எண்ணாகக் கேட்டு 350 கோடிக் கணக்குகளை உறுதி செய்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களின் முகப்புப் படமும் கூடவே கிடைத்தது. அவர்கள் நல்லவர்கள், நிறுவனத்துக்குச் சொல்லி ஓட்டையை அடைக்க வைத்து, எடுத்ததை அழித்தார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. வாட்ஸாப்பில் இருப்பதா, மாறுவதா?

வாட்ஸாப் செய்திகளுக்கு 2016 ஏப்ரலிலிருந்து முழுப் பூட்டு உண்டு. அனுப்புபவர் போனில் பூட்டி, பெறுபவர் போனில் மட்டுமே திறக்கும் முறை. சிக்னல்காரர்கள் உருவாக்கிய அதே நெறிமுறைதான் அதிலும் ஓடுகிறது. ஆகவே ‘வாட்ஸாப் நம் செய்தியைப் படித்து விளம்பரம் போடுகிறது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பூட்டுக்கு வெளியே இருப்பது என்ன? யார், யாரோடு, எத்தனை மணிக்கு, எங்கிருந்து, எந்தப் போனில். உங்கள் தொடர்புப் பட்டியல். எந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பது. கல்யாண வேலையாக ஒரு மண்டபக்காரர், ஒரு நாதஸ்வரக்காரர், இரண்டு சமையல் காண்ட்ராக்டர் என்று ஒரு வாரத்தில் பேசியவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊகிக்கச் செய்தியைப் படிக்கவா வேண்டும்?

கடைகளின் வாட்ஸாப் பிசினஸ் கணக்கோடு நடக்கும் உரையாடலும் வேறு ரகம். அந்தப் பக்கம் இருப்பது ஒரு மனிதரின் போனாக இல்லாமல் ஒரு நிறுவனத்தின் சர்வராக இருக்கலாம். அவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்பது அவர்கள் பாடு.

பேஸ்புக் 2014இல் வாட்ஸாப்பை வாங்கியபோது, இரண்டு பக்கமும் உள்ள கணக்குகளைத் தானாக நம்பகமாகப் பொருத்த முடியாது என்று ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னது. 2016இல் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, பொருத்தியும் காட்டியது. வாங்கும்போதே அது சாத்தியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று முடிவு கட்டி, ஆணையம் 2017இல் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. எதை வைத்துப் பொருத்தினார்கள் என்கிறீர்கள்? தொலைபேசி எண்ணை வைத்துத்தான். நம் நாட்டிலும் 2021 கொள்கை மாற்றத்துக்காக, ‘ஒப்புக்கொள், இல்லாவிட்டால் வெளியே போ’ என்று கட்டாயப்படுத்தியது தப்பு என்று போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதே உத்தரவில், விளம்பரத்துக்காகத் தரவைப் பகிர ஐந்து ஆண்டுத் தடையும் இருந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை வைத்துக்கொண்டு தடையை எடுத்துவிட்டது. எனக்குத் தடைதான் முக்கியமாகப் பட்டது. அந்த நிறுவனத்துக்கு 213 கோடி ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

அரட்டை விஷயத்தில் உங்கள் மைத்துனரின் உற்சாகம் எனக்குப் புரிகிறது. 2025 செப்டம்பர் கடைசியில் ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றரை லட்சம் பேர் சேர்ந்ததாக, அரட்டையை உருவாக்கிய ஜோஹோ நிறுவனத்தின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். தென்காசிப் பக்கம் கிராமத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், நம் ஊர்ப் பெயரோடு ஒரு செயலி. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சமயத்தில் அதில் அழைப்புகளுக்குத்தான் முழுப் பூட்டு இருந்தது. சாதாரண எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அதைச் சுட்டிக்காட்டியவர்களை நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று திட்டியவர்களும் உண்டு. நிறுவனமே விமர்சனத்தை ஏற்றுக்கொண்டு பூட்டைக் கொண்டுவரும் வேலையில் இறங்கியது. திட்டியவர்களைவிட அவர்கள் தெளிவாக இருந்தார்கள். நிறுவனம் எந்த ஊர் என்பதைவிடச் சாவி யார் கையில் என்பதைப் பாருங்கள். இன்று இருக்கும் நல்ல முதலாளி நாளை இல்லாமல் போகலாம், ஒரு நோட்டீஸ் வந்தால் அவரே கொடுக்க வேண்டியும் வரலாம். சாவி அவரிடம் இல்லாவிட்டால் கொடுக்கவும் ஒன்றும் இருக்காது. அரட்டையைப் போட்டுக்கொள்வதானால் உங்கள் உரையாடலுக்குள் போய் முழுப் பூட்டு இருப்பதாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். குழுவுக்கும் தனியாகப் பாருங்கள்.

இந்த ஒரு விஷயத்தில் மகள் பக்கம்தான் நான். சிக்னலை நடத்துவது லாப நோக்கற்ற அமைப்பு. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று அவர்களிடம் ஒரு கணக்கின் விவரத்தைக் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் இரண்டைத்தான் கொடுக்க முடிந்தது. மற்றது அவர்களிடமே இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து எண்ணை மறைத்துப் பயனர் பெயரால் பேசவும் முடிகிறது. ஆனால் உங்கள் சித்தி, பெரியப்பா, சம்பந்தி வீட்டார் எல்லாரையும் கல்யாணத்துக்கு முன்னால் சிக்னலுக்குக் கொண்டுவர முயன்றால் பந்திக்கு ஆள் குறையும். பணம், மருத்துவம், வீட்டு விஷயம் ஆகியவற்றை மகளோடும் மனைவியோடும் சிக்னலில் பேசுங்கள். சொந்தபந்தக் குழு வாட்ஸாப்பிலேயே இருக்கட்டும். டெலிகிராம் பக்கம் யாராவது கூப்பிட்டால், அதில் சாதாரண உரையாடலுக்கு முழுப் பூட்டு கிடையாது என்பது மட்டும் ஞாபகமிருக்கட்டும். வாட்ஸாப்பில் இன்னொன்று: கூகுள் டிரைவில் பேக்கப் ஆகிறதே, அதற்கான பூட்டை நீங்களாகப் போட வேண்டும். பேக்கப் பக்கத்திலேயே இருக்கிறது.

எண்ணை இனி எப்படிக் காப்பாற்றுவது? கடையில் கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘சிஸ்டம் கேக்குது சார், நம்பர் இல்லாம பில் வராது’ என்பார்கள். எண்ணைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது, அது நேர்மையற்ற வணிகம் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. கவுன்டரில் இருக்கும் பையனிடம் சண்டை போட வேண்டாம், அவனுக்கு மேனேஜர் சொன்னது. மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்கு எண் இல்லாமல் பில் போடும் வழி தெரியும். மசியாவிட்டால் 1915க்குப் புகார் சொல்லலாம். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் உயிர் பெறும். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்கும் உரிமை அதில் இருக்கிறது. அரசுக்குத் தாராளமாக விலக்கும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு வழி, இரண்டாவது சிம். போனில் இரண்டாவது இடம் சும்மாதானே கிடக்கிறது. கடை, வரன் தளம், உணவு டெலிவரி, லக்கி டிரா எல்லாவற்றுக்கும் அந்த எண். வங்கிக்கும் ஆதாருக்கும் பழைய எண். இரண்டாவது எண்ணை வங்கியில் எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் ரத்தாகி, பிறகு வேறொருவர் கைக்குப் போய்விடும். உங்கள் ஓடிபி அவருக்குப் போகும்.

பேஸ்புக் அக்கவுன்ட்ஸ் சென்டரில் ‘மெட்டாவுக்கு வெளியே உங்கள் செயல்பாடு’ என்ற பகுதி இருக்கிறது (மெட்டா என்பது பேஸ்புக், வாட்ஸாப் இரண்டுக்கும் தாய் நிறுவனம்). எந்தெந்தக் கடையும் செயலியும் உங்களைப் பற்றி அவர்களுக்குச் சொல்லியிருக்கின்றன என்று அங்கே பார்க்கலாம், துண்டிக்கலாம். முதல் தடவை திறக்கும்போது காபி குடித்துவிட்டு உட்காருங்கள், பட்டியல் நீளம். போனில் கூகுள் செட்டிங்ஸுக்குள் விளம்பர அடையாள எண்ணை அழிக்கவும் வழி உண்டு. வாட்ஸாப்பில் முகப்புப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள்.

‘மறைக்க என்ன இருக்கு’ என்ற உங்கள் மகனிடம் நான் தத்துவம் பேசப் போவதில்லை. அவரிடம் இதைக் காட்டுங்கள். கொஞ்ச காலமாக வாட்ஸாப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஒரு கோப்பு சுற்றுகிறது. பெயரின் கடைசியில் ‘ஏபிகே’ என்று இருக்கும். தொட்டால் திறப்பது பத்திரிகையல்ல, ஒரு செயலி. அதை நிறுவ அனுமதித்துவிட்டால் குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியை எடுத்து வங்கிக் கணக்கைக் காலி செய்யும். இமாச்சலப் பிரதேசக் காவல்துறை 2024 நவம்பரில் இதைப் பற்றி எச்சரித்தது. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் பத்திரிகையைக் கல்யாணம் இல்லாத வீட்டில் சந்தேகப்படுவார்கள். தை மாதம் கல்யாணம், இன்ன ஊர், இன்ன வீடு என்று தெரிந்த ஒருவன் ‘மாமா, மண்டபத்துக்காரர் அனுப்பச் சொன்னார்’ என்று அனுப்பினால் உங்கள் வீட்டில் யார் தொடாமல் இருப்பார்கள்? மறைக்க ஒன்றும் இல்லாதவர் வீட்டிலும் வங்கிக் கணக்கு இருக்குமே.

ஆகவே உங்கள் பத்திரிகையைப் படமாகவோ பிடிஎஃப்பாகவோ மட்டும் அனுப்புங்கள். அனுப்பும்போதே, ‘எங்கள் பத்திரிகை இந்த எண்ணிலிருந்து மட்டும்தான் வரும், வேறு எதிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மொய்க்கு க்யூஆர் அட்டை வைப்பதாக இருந்தால் அதைப் பத்திரிகையில் அச்சடிக்க வேண்டாம், மண்டபத்தில் வைத்தால் போதும். யாராவது ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே இணையக் குற்றப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதை நிறுத்த வாய்ப்பிருக்கிறது.